காவிரிப் படுகைத் தோப்பும் காவற்குடியும்

மயிலாடுதுறையைச் சூழ்ந்த நாட்டின் வரலாறு பெரும்பாலும் நெல்லின் வரலாறாகவே எழுதப்பெற்று வந்துள்ளது. அணை, வாய்க்கால், வயல், களம், கதிர் என்னும் இவற்றிலேயே ஆராய்ச்சியாளர் கருத்து ஊன்றி நின்றது. அஃது இயல்பே. எனினும் ஆற்றுக்கும் கரைக்கும் இடைப்பட்ட படுகையிலும், வயல்களின் நடுவே மேடாக நின்ற திடலிலும், ஐந்து மாவும் எட்டு மாவுமாக அமைந்த பழத்தோட்டங்கள் இந்நாட்டில் எண்ணிறந்தன இருந்தன. 20 மா கொண்டது ஒரு வேலி; வேலியொன்று 6⅔ ஏக்கர். ஆகவே 5 மாத் தோப்பென்பது ஒன்றேமுக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த நிலமாகும். இத்துணைச் சிறிய நிலத்துக்கு ஒரு வரலாறு உண்டோ எனின், உண்டு என்பதே எம் விடை. நிலத்தை உடையவர் வேற்றூரில் இருக்க, அவர்பொருட்டு அதனைக் காத்து, நீரூற்றி, பயனெடுத்து அனுப்பிய குடியின் அன்றாட வாழ்வே அவ்வரலாறு. அக்குடி பட்டாவில் இல்லை. குத்தகைச் சீட்டிலும் பெரும்பாலும் இல்லை. அதனாலேயே அதனை ஆராய்தல் வேண்டும் எனக் கருதுகின்றோம்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். கா, பொழில், தண்டலை என்னும் பழஞ்சொற்கள் மரச்செறிவைக் குறிப்பனவேயன்றி உடைமையைக் குறிப்பன அல்ல. படப்பை என்பதோ மனையைச் சார்ந்த தோட்டம். படப்பை உள்ளவிடத்து மனை உண்டு. மனையுள்ளவிடத்து உடையவர் உண்டு. சோழநாட்டு வளங் கூறும் பட்டினப்பாலை தெங்கு, வாழை, கமுகு, மஞ்சள், மா, இஞ்சி முதலியவற்றை ஒருங்கு வைத்து உரைப்பது மக்கள் உறையும் பாக்கத்தோடு சேர்த்தேயாகும். இன்றும் இந்நாட்டார் வீட்டின் பின்புறத்தைக் கொல்லை என்றே வழங்குவர். கொல்லையில் நிற்கும் வாழைக்குக் காவல் வேண்டா. அடுக்களையிலிருந்து பார்த்தாற் போதும். தோப்பு அத்தகையதன்று. அது ஊர்ப்புறத்தே நிற்பது. போய்ப் பார்க்க வேண்டுவது. போக இயலாதவர் ஓர் ஆளை வைக்க வேண்டுவது. படப்பையிலிருந்து தோப்புக்குச் சென்ற வழியே, உடையவர் நிலத்தைவிட்டு அகன்ற வழியுமாகும் எனல் மிகையாகாது.

உடையவர் அகன்றிருத்தல் புதிய வழக்கமன்று. சோழர் காலக் கல்வெட்டுக்கள் மீயாட்சி என்றும் காராண்மை என்றும் இருவகை உரிமையைப் பிரித்துப் பேசுகின்றன. மேலிருந்து ஆளும் உரிமை மீயாட்சி. உழுது பயன்கொள்ளும் உரிமை காராண்மை. இவையிரண்டும் ஒருவரிடத்தே இருத்தலும் உண்டு, வேறுவேறு இருத்தலும் உண்டு. ஊரைக் கோயிலுக்கோ அந்தணர்க்கோ அளிக்குங்கால், முன்னிருந்த குடிகளை நீக்கி அளித்தலும் நீக்காது அளித்தலும் வழக்காறு. குடிநீங்காத் தேவதானம் என்னும் தொடரை அறியாத கல்வெட்டாராய்ச்சியாளர் இலர். உடையவர் மாறினும் குடி மாறலாகாது என்னும் நெறி அத்தொடரில் அடங்கிக் கிடக்கின்றது. அந்நெறி பின்னர் மறக்கப்பட்டதையும், பல நூற்றாண்டுக்குப்பின் சட்டத்தின் வாயிலாக மீண்டும் வேண்டப்பட்டதையும் இக்கட்டுரையின் இறுதியிற் காண்போம்.

தொலைவிலுள்ள உடையவர்க்கு நாகப்பட்டினத்தை அடுத்த ஆனைமங்கலத்தினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. முதல் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1006ஐ ஒட்டி, அவ்வூரின் வருவாயை நாகப்பட்டினத்துச் சூளாமணிவர்ம விகாரத்துக்கு அளித்தான் என்பது லெய்டன் செப்பேடுகளால் விளங்கும். 97 வேலிக்கு மேற்பட்ட நிலம். 8,943 கலத்துக்கு மேற்பட்ட நெல். விகாரத்தை எடுப்பித்தோர் கடல்கடந்த கடாரத்து மன்னர். இத்தகைய செப்பேடுகளில் நிலத்தைப் பெறுவோர்க்குரிய உரிமைகளைத் தொகுத்துரைக்கும் பகுதியில், மா, பலா, தெங்கு, கமுகு உள்ளிட்ட பயன்மரம் நடும் உரிமையும் கூறப்படும். தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறலாகாது என்னும் விதியும் அவ்விடத்தே காணப்படும். மரம் நடுவதற்கு அரசன் இசைவு வேண்டியிருந்தது என்பதும், நட்ட மரத்தில் ஏறுவார் யார் என்பதும் எழுத்திற் பொறிக்கத்தக்க பொருளாயிருந்தது என்பதும் இதனாற் பெறப்படும். மரத்தை உடைமையும் மரத்தில் ஏறுதலும் வேறுவேறு என்பதை இந்நாட்டார் அன்றே தெளிந்திருந்தனர்.

தோட்டத் தொழிலாளர்க்குரிய கூலியைப் பற்றிக் கோயிற் கல்வெட்டுக்கள் ஓரளவு பேசுகின்றன. திருநந்தவனம் செய்வார்க்குக் கொற்றும் புடவையும், அஃதாவது உணவு நெல்லும் உடையும், ஏற்படுத்தி அதற்கென நிலம் விடுவது பெருவழக்கு. நந்தவனம் பூவுக்குரியது, பழத்துக்குரியது அன்று என்று மறுப்பார் இருக்கலாம், மெய்தான். ஆயினும் உடையவராகிய இறைவன் நேரில் வந்து கேளான் ஆதலின், தொழில் செய்வாரின் ஊணும் உடையும் கல்லில் வெட்டப்பட்டன. பிற்காலத்து உடையவர் கடிதம் எழுதினாரேயன்றிக் கல்லில் வெட்டினாரல்லர்.

மயிலாடுதுறைப் பகுதியில் இவ்வமைப்பு நெடிது நிலவியதற்குத் தருமபுரம், திருவாவடுதுறை ஆகிய ஆதீனங்களும் கோயிற் கட்டளைகளும் ஒரு காரணம். மடத்து நிலம் பல ஊர்களிற் பரந்து கிடந்தது. மடத்தின் தலைவர் ஓரிடத்தே இருப்பர். தம்பிரானோ காரியக்காரரோ சென்று கணக்குப் பார்ப்பர். மற்றொரு காரணம் இருப்புப்பாதை. தஞ்சாவூரிலிருந்து மாயவரத்துக்கு 1877இல் புகைவண்டி வந்தது. 1894இல் முத்துப்பேட்டைக்கும், 1926இல் தரங்கம்பாடிக்கும் கிளைகள் நீண்டன. (தரங்கம்பாடிக் கிளை 1986இல் நிறுத்தப்பட்டது.) ஆங்கிலக் கல்வி பெற்ற மிராசுதார் மக்கள் வழக்குமன்றம், அரசு அலுவல், கல்லூரி என்று சென்னைக்கும் பம்பாய்க்கும் பெயர்ந்தனர். நீடூர் போன்ற ஊர்களிலிருந்து வணிகத்தின்பொருட்டு மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றோரும் பலர். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரொன்றை 1951 முதல் ஆராய்ந்த காத்லீன் கஃப் அம்மையாரும், 1961இல் மற்றோர் ஊரை ஆராய்ந்த ஆந்திரே பெத்தேயும் நிலமுடையார் நகர்க்குப் பெயர்ந்து நிலத்தைப் பிறர்கைப்படுத்தியதை விரித்து எழுதியுள்ளனர். அவர்கள் கண்டது வயல். வயலைக் குத்தகைக்கு விட்டவரும் தோப்பை மட்டும் விடாது, காவல் வைத்துத் தம்மதாகவே வைத்துக்கொள்வது உண்டு. ஏனெனில் நெல்லை எங்கும் வாங்கலாம். தம் தந்தை நட்ட மாவின் கனியை வாங்குதல் இயலாது.

இனி, அத்தோப்பின் நாளைக் காண்போம். இதுவே கட்டுரையின் நடுப்பகுதி ஆதலின் சற்றே விரித்தல் பொறுக்கத்தகும்.

தோப்பின் நாள் விடியுமுன் தொடங்கும். இரவில் உதிர்ந்த காயைப் பொறுக்குவதே முதல் வேலை. ஆற்றுக்குச் செல்வார் கையில் அகப்படுமுன் பொறுக்க வேண்டும். தென்னை நெற்று விழும் ஓசையைக் கொண்டே இன்ன மரம் என்று உறக்கத்திலும் அறிவர் காவலர். பின்னர்ப் பெண்கள் சருகு கூட்டுவர். அச்சருகு அடுப்புக்கும் ஆகும். வாழைத்தாற்றைக் குழியிலிட்டுப் புகைமூட்டிப் பழுக்க வைப்பதற்கும் ஆகும். மட்டை முடைந்தால் கீற்று. கீற்று வேய்ந்தால் குடிசை. பன்னாடையும் பாளையும் எரிபொருள். இவையெல்லாம் காவற்குடிக்கு உரியன என்பது வழக்கு. உடையவர்க்கு உரியது காய்.

படுகை மண் வண்டல். ஆடிப்பெருக்கில் காவிரி ஏறி இறங்குங்கால் அவ்வாண்டுக்குரிய எருவை இட்டுச் செல்லும். 1934இல் மேட்டூர் அணை நிறைவெய்திய பின்னர் வெள்ளத்தின் கடுமை தணிந்தது. வண்டலின் வரவும் குறைந்தது. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தைக் கண்டவர்க்கு முன்னது நன்மை. படுகை வாழைக்கோ பின்னது குறை. வெள்ளம் வாராத திங்களில் கிணற்று ஏற்றமே துணை. ஒருவர் ஏற்றமரத்தில் முன்னும் பின்னும் நடப்பர். ஒருவர் சால் பிடித்து ஊற்றுவர். ஏற்றப்பாட்டு களைப்புத் தீர்க்க எழுந்தது என்பர்; அஃது இறைத்த சாலின் கணக்குமாகும் என்பதை மறத்தலாகாது. இத்தனை சாலுக்கு இத்தனை பாத்தி என்பது அளவு. காவலர் ஏற்றம் மிதிப்பர். அவர் மனைவியோ மகனோ பாத்தி திருப்புவர். காவலுக்கென ஓர் ஆளுக்கே கூலி பேசப்பட்டது. வேலை செய்தது குடும்பம்.

வாழையே ஆண்டு முழுவதும் கைவேலை கேட்கும் பயிர். பூவன், மொந்தன், ரஸ்தாளி, பேயன் என்னும் இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணமுடையன. ரஸ்தாளி வாடல்நோய்க்கு எளிதில் இரையாகும். கன்று வேரூன்றியபின் மண் அணைத்தல், பக்கக்கன்று அறுத்தல், காய்ந்த இலை கழித்தல், தாறு தள்ளியபின் மூங்கிலோ சவுக்கோ கொண்டு முட்டுக் கொடுத்தல் என வேலை தொடரும். பூவன் நட்டு ஓராண்டு கடந்தே தாறு வெட்டுக்கு வரும். இதனிடையே ஒரு சிக்கல் உண்டு. இந்நாட்டில் வாழையிலைக்கு என்றும் விலையுண்டு. திருமணத் திங்களில் மிகுதி. இலையை மிகுதியாக அறுத்தால் தாறு சிறுக்கும். காரியக்காரர் கையிற் காசு வேண்டியபோது இலை அறுக்கச் சொல்வர். தாறு சிறுத்தபோது உடையவர் காவலரைக் கேட்பர். இருவர்க்கும் இடையே நின்றவர் நிலை எளிதன்று.

தென்னையில் ஏறத்தாழ 45 நாட்கொருமுறை வெட்டு. அன்று காரியக்காரர் குடையும் கணக்குச்சுவடியுமாக வருவர். ஏறுவோர் தனியே வருவர். அவர்க்குக் கூலி காயாகவே கொடுத்தலும் உண்டு. எண்ணுங்கால் ஒன்று என்று தொடங்காது ‘லாபம்’ என்று தொடங்குதல் மரபு. அந்த லாபம் யாருடையது என்று எண்ணிப் பார்ப்பின் நகைப்புத் தோன்றும்.

மா வேறு வகை. தை மாசியிற் பூக்கும். மாசி பங்குனியில் வடு உதிரும். சித்திரை முதல் ஆனி வரை கனி. மயிலாடுதுறை வட்டாரத்துப் பேர்பெற்ற மாம்பழம் பாதிரி. தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்கு வந்திறங்கியதை நினைத்துப் பாதிரிமார் பெயரோடு இதனைத் தொடர்புறுத்த விழைவார் உண்டு. பாதிரி என்பது பழைய தமிழ் மரப்பெயரும் ஆதலின், பெயரொன்றை மட்டும் கொண்டு வரலாறு கட்டுதல் தகாது என்க.

மாமரம் பூத்தவுடனே அவ்வாண்டுக் காய்ப்பை வணிகர்க்குக் குத்தகை பேசிவிடுதல் பெருவழக்கு. அந்நாள் முதல் கனி முடியும் வரை காவலர்க்குத் தலைவர் இருவர். மரம் உடையவர்க்குரியது, காய் வணிகர்க்குரியது. கிளை முறியாமற் காக்க வேண்டியது ஒருவர்பொருட்டு. காய் குறையாமற் காக்க வேண்டியது மற்றொருவர்பொருட்டு. பகலில் அணிலும் கிளியும் சிறுவரும். இரவில் பழந்தின்னி வௌவால். தகரம் தட்டியும் கவண் வீசியும் குடும்பத்தார் முறைவைத்து விழித்திருப்பர். உறவினர் வீட்டுத் திருமணம் பெரும்பாலும் வைகாசியில் வரும். தோப்பைவிட்டு ஒருங்கே செல்லுதல் காவற்குடிக்கு இயலாது. ஒருவர் செல்வர், ஏனையோர் இருப்பர். பிறர் வீட்டு மணத்துக்கு இலையும் குலைவாழையும் அனுப்பியவர் தம் வீட்டு மணத்துக்கு முழுமையாகச் சென்றதில்லை.

உடையவர்க்குப் பங்கு கூடைகளாகச் செல்லும்: மாசியில் ஊறுகாய்க்கு வடு, கோடையில் வைக்கோலிட்டு அடுக்கிய மாங்காய், பொங்கலுக்கு வாழைத்தாறும் மஞ்சட்கொத்தும். மாயவரம் சந்திப்பில் கூடை ஏறும். பின்னர் ஓர் அஞ்சலட்டை வரும். இத்தனை வந்தது, இத்தனை அழுகியது, அடுத்தமுறை முற்றியதாகப் பார்த்து அனுப்புக என்பது அதன் பொருள். எழுதப்படிக்க அறியாத காவலர்க்கு அதனைப் படித்துக் காட்டுபவர் காரியக்காரரே. ஆதலின் உடையவர் எழுதியதும் காவலர் கேட்டதும் ஒன்றே எனத் துணிதற்கில்லை.

உடையவர் நேரில் வருதல் ஆண்டுக்கொருமுறை, பெரும்பாலும் ஐப்பசியில். துலா நீராட்டுக்கு மாயூரம் வருவோர் கடைமுழுக்கன்று ஆற்றில் மூழ்கி, மயூரநாதரை வணங்கி, மாலையில் தோப்புக்கு வருவர். ஐப்பசி மழைக்காலம். மாவில் காயில்லை, வாழை முட்டுக்கொடுத்து நிற்கும், நிலம் சேறு. தோப்பு தன் அழகெல்லாம் ஒடுங்கிய நாளிலேயே உடையவர் கண்ணுக்குப் படும். ‘என்னப்பா, ஒன்றும் காணோமே’ என்பது அவர் வாயில் வரும் முதற்சொல்லாயின் வியப்பில்லை. சித்திரையில் வந்திருப்பின் வேறு கூறியிருப்பர். இளநீர் வெட்டிக் கொடுத்து, குடிசைத் திண்ணையைத் துடைத்து, ‘ஐயா உட்காருங்க’ என்று நிற்பர் காவலர். மறுநாள் கார்த்திகை முதல்நாள், முடவன் முழுக்கு. கடைமுழுக்குக்குக் காலத்தே வந்தடைய இயலாதவனுக்கும் இறைவன் ஒருநாள் நீட்டித்தளித்தான் என்பது தலவரலாறு. தோப்புக் காவலர்க்கு ஆற்றில் மூழ்க ஓய்வு கிடைப்பது அந்நாளில்தான், உடையவர் வண்டியேறியபின்.

உதிர்ந்தது காவலுக்கு, பறித்தது உடையவர்க்கு என்பது இத்தகைய தோப்புக்களின் பொதுவழக்கு என்று கூறலாம். முற்றிய தேங்காய்க்கு அது பொருந்தாது, மாவடுவுக்கும் அணில் கடித்த கனிக்கும் பொருந்தும். அவ்வழக்குக்கு ஓர் எல்லையுண்டு என்பதைப் புயல் காட்டியது. 1952 நவம்பர் 30இல் நாகப்பட்டினத்தருகே கரைகடந்த புயல் தஞ்சை மாவட்டக் கீழைப்பகுதியில் மரங்களை வேரோடு சாய்த்தது. காற்றில் உதிர்ந்த காய்க்குரிய வழக்கு, காற்றில் வீழ்ந்த மரத்துக்கு ஏலாது. மரம் நிலத்தின் பகுதி. விறகாயினும் அஃது உடையவரது. காவலர்க்கு இழப்பு இருமடி: காவல் செய்தற்குரிய மரமும் இல்லை, அதனாற் காவலும் இல்லை. புதிய கன்று நட்டுக் காய்க்கும் ஆண்டுகள் வரை கூலி கொடுத்து ஓராளை வைப்பதோ என்று உடையவர் எண்ணத் தலைப்படுவர். காவல் போயின் குடிசையும் போகும். ஈண்டுத்தான் இவ்வாராய்ச்சியின் முடிச்சு உள்ளது. வயலில் உழைப்பவர்க்குச் சேரியில் ஒரு குடிசை உண்டு. வேலை போயினும் சின்னாள் அதில் ஒடுங்கலாம். தோப்புக் காவலர்க்கு வீடும் வேலையும் ஒரே வேலிக்குள். சீட்டுக் கிழிந்த அன்றே சட்டியும் பானையும் வெளியே.

புயல் வீசிய அதே 1952இல்தான் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாட்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குமுன் 1948இல் மிராசுதார்க்கும் பண்ணையாட்களுக்கும் இடையே கூலிபற்றி ஏற்பட்ட உடன்பாடு மாயவரம் ஒப்பந்தம் என்று இவ்வூர்ப் பெயராலேயே வழங்கிற்று. 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் ஊரில் ஒரு வேலிக்கு மேல் நிலமுடையாரையே தழுவியது. ஐந்து மாத் தோப்பை மட்டும் உடையவர் அதன் வலைக்குள் அகப்படார். 1955இல் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1956இல் நியாயக் குத்தகைச் சட்டமும் வந்தன. தன் உடலுழைப்பால் பயிரிடுபவரே பயிரிடும் குத்தகைதாரர் என்பது முன்னதன் விளக்கம். காவலர் உடலால் உழைத்தார். ஆனாற் குத்தகை கட்டவில்லை. மாங்காய் வணிகர் குத்தகை கட்டினார், ஆனால் உழைக்கவில்லை. ஒரே தோப்பில் குத்தகை ஒருவரிடத்தும் உழைப்பு மற்றொருவரிடத்துமாகப் பிரிந்து கிடந்தமையின், சட்டம் இருவரையும் தொடாது சென்றது. மரப்பலனை மட்டும் எடுக்கும் குத்தகை நிலக்குத்தகை ஆகுமா என்னும் வினா வழக்குமன்றங்களிற் பலகாலும் எழுந்தமைக்கும் இப்பிரிவே காரணம்.

1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் 30 தரப்படுத்திய ஏக்கர் என எல்லை வகுத்தது. 1959 சூலை முதல் நாளிலோ அதற்கு முன்னரோ பழத்தோட்டமாகவும் தோப்பாகவும் கமுகந்தோட்டமாகவும் மாற்றப்பட்ட நிலங்களுக்கு அச்சட்டத்தினின்றும் விலக்கு அளிக்கப்பட்டது. மரத்தை வளர்த்தற்கு ஆண்டுகள் பல வேண்டும் என்பது கருதி அவ்விலக்கு அளிக்கப்பெற்றிருக்கலாம். ஆயின் அவ்வாண்டுகளில் நீரூற்றியவர் யார் என்னும் வினாவை அஃது எழுப்பவில்லை என்பதே எம் குறை. பெரு நிலமுடையார்க்குத் தோப்பு என்னும் பெயர் ஓர் அரணாயிற்று.

வினாவுக்கு ஒருபாதி விடை வேறு திசையினின்றும் வந்தது. அதே 1961இல் குடியிருப்புவாசிகளை வெளியேற்றாது காக்கும் சட்டமும், 1971இல் அவர்க்கே அம்மனையை உரிமையாக்கும் சட்டமும் இயற்றப்பட்டன. பயிரிடுவோராயினும் வேளாண் தொழிலாளராயினும், பிறர் நிலத்தில் குடிசையிட்டு வாழ்வோர்க்கு அக்குடிசையடி மண் உரியது என்பது பின்னதன் சாரம். குத்தகைச் சட்டத்தின் கண்ணுக்குப் படாத காவலர் இதன் கண்ணுக்குப் பட்டார். உழைத்தார் என்பதனால் அன்று, உறங்கினார் என்பதனால். குடிநீங்கா என்று கல்லில் வெட்டிய சொல்லுக்கும் குடியிருப்பு என்று அரசிதழில் அச்சிட்ட சொல்லுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழிந்துள்ளது. முன்னது குடியை நிலத்தோடு பிணித்தது. அவன் செல்ல விரும்பினும் செல்லலாமோ என்பது ஐயமே. பின்னது நிலத்தில் ஒரு துண்டைக் குடியோடு பிணித்தது. இரண்டையும் ஒன்றெனக் கூறுவாரை யாம் உடன்படோம்.

எனினும் மனை வேறு, மரம் வேறு. சட்டத்தால் மனை பெற்ற குடி, சுற்றி நின்ற மரங்களைப் பெறவில்லை. ஊர்க் கணக்குகளில் மரத்துக்குத் தனி இடம் என்றும் உண்டு. புறம்போக்கில் நிற்கும் மரத்துக்கு 2-சி பட்டா என ஒன்று வழங்கப்படும். அதனைப் பெற்றவர் நிலத்துக்கு உரியவராகார், மரப்பலனுக்கு மட்டும் உரியவராவர். நிலமின்றி மரத்தை மட்டும் உடைமை கொள்ளலாம் என்பதை அரசே ஒப்புக்கொண்ட இடம் அது. படுகையில் தாம் நட்ட தென்னை இரண்டுக்கு இத்தகைய பட்டா வைத்திருக்கும் குடிகளின் கையில், உடையவர் பெயரில்லாத ஒரு காகிதம் முதன்முறையாக இருந்தது.

1982இல் மாயூரம் மயிலாடுதுறை எனப் பெயர் பெற்றது. 2020 டிசம்பரில் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. ஊர் விரியுங்கால் முதலில் மனைப்பிரிவாவது வயலன்று, தோப்பே. மேடாகவும் சாலையோரமாகவும் இருத்தலின். அவ்வாறு பிரிக்கும் வரைபடங்களில், நடுவே கோணலாக ஒரு சிறு துண்டு மட்டும் விலைக்கின்றி விடுபட்டு நிற்பதைச் சிலவிடத்துக் காணலாம். அத்துண்டில் கீற்றுக்குப் பதில் ஓடோ காரையோ வேய்ந்த ஒரு வீடும், அதன் பின்புறத்தில் வாழைக்கன்று நான்கும் இருக்கும். அதனை அவ்வீட்டார் தோப்பு என்பதில்லை, கொல்லை என்பர்.